பழைய டர்போ பெட்ரோல் கார், தினசரி மோட்டர்வே: அறிகுறியைப் பிடித்துப் பழுதைக் கண்டுபிடிப்பது

லண்டனில் டீசல் காரைத் தள்ளிவிட்டுப் பெட்ரோலுக்கு மாறியவர்கள் ஏராளம். புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் மண்டலத்தின் எல்லை 2023 ஆகஸ்ட் 29ஆம் தேதி நகரின் எல்லா பரோக்களுக்கும் (உள்ளாட்சிப் பகுதிகளுக்கும்) விரிந்தது. யூரோ 6 என்ற புகைத் தரத்தை எட்டாத டீசல் காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. பெட்ரோலுக்கு யூரோ 4 இருந்தாலே போதும். ஐந்தாறாயிரம் பவுண்டோடு தேடப் போகிறவர் கண்ணில் படுவது பெரும்பாலும் சின்ன டர்போ பெட்ரோல்தான், அதாவது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போ என்ற சுழலி பொருத்திய வண்டி: ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட், ஃபோக்ஸ்வாகன் 1.4 டிஎஸ்ஐ, பெஜோ, சிட்ரோயன் வண்டிகளின் 1.2 ப்யூர்டெக், வாக்ஸ்ஹால் 1.4 டர்போ, மினி கூப்பர் எஸ். மீட்டரில் எழுபது எண்பதாயிரம் மைல் ஓடியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு எம்25, எம்1, எம்4 என்று தினமும் அறுபது மைல்.

இப்படிப்பட்ட வண்டி வாங்கப் போவதாகச் சொன்னால் முதலில் வரும் எச்சரிக்கை, "டர்போ போயிடும், பார்த்துக்கோ." என் அனுபவத்தில் டர்போ தானாகச் சாவது அபூர்வம். அதைச் சாகடிப்பது பழைய ஆயில். டர்போ செத்துவிட்டது என்று நம்ப வைப்பவை கிழிந்த ரப்பர் குழாய், விரிசல் விட்ட பிளாஸ்டிக், தேய்ந்த ஸ்பார்க் பிளக். கராஜில் "டர்போ மாத்தணும்" என்றால் உடனே தலையாட்டாமல் இருக்கத்தான் இந்தக் குறிப்பு.

இன்னொன்று. மோட்டர்வே ஓட்டம் இந்த என்ஜின்களுக்குக் கெடுதல் இல்லை. ஆயில் முழுச் சூட்டுக்கு வருகிறது, அதில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகின்றன, குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும் தடவைகள் குறைகின்றன. பள்ளிக்கூடத்துக்கும் டெஸ்கோவுக்கும் மட்டும் ஓடிய இருபதாயிரம் மைல் வண்டியைவிட, ஒழுங்காக ஆயில் மாற்றி மோட்டர்வேயில் எண்பதாயிரம் ஓடிய வண்டியைத்தான் நான் எடுப்பேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மைல் மளமளவென்று ஏறுவதால் சர்வீஸ் தேதி வரும் முன்பே ஆயில் கிழடாகிவிடும், அளவும் குறைந்துவிடும். வண்டி நன்றாக ஓடிக்கொண்டே இருப்பதால் பானெட்டைத் திறக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன்

என்ன ஆகிறது என்பதைவிட எப்போது ஆகிறது என்பதுதான் துப்பு. காலையில் முதல் கிளப்பலிலா, என்ஜின் சூடேறிய பிறகா? சீரான 70 மைலிலா, ஸ்லிப் ரோடில் (மோட்டர்வேயில் ஏறி இறங்கும் கிளைச் சாலையில்) அழுத்தும்போதா? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடனா? சர்வீசஸில் (மோட்டர்வே ஓய்விடத்தில்) நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பும்போதா? ஒரு வாரம் இதைக் கவனித்து எழுதி வைத்துக்கொண்டு போனால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

ப்ளூடூத்தில் ஃபோனோடு இணையும் ஓபிடி ரீடர் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மலிவானதே போதும். என்ஜின் விளக்கு எரிந்தால் பழுதுக் கோடை, அதாவது வண்டியின் கணினி பதிந்து வைக்கும் பழுது எண்ணைப் படியுங்கள். அதோடு ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவையும் பாருங்கள்: கோடு விழுந்த கணத்தில் வேகம், ஆர்பிஎம், சூடு, என்ஜின் சுமை எல்லாம் அதில் நிற்கும். கோடை அழித்தால் அதுவும் அழியும். விளக்கை அணைத்துவிட்டு "இப்போது சரியாகிவிட்டது" என்று வரும் வண்டியில் துப்பைத் தேடுவது பெரிய வேதனை.

வண்டி இழுக்கவில்லை, மேட்டில் திணறுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். காரணம் தவறாகச் சொல்லப்படுவதும் இதில்தான்.

முதலில் டர்போவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். மேனுவல் கியர் வண்டியென்றால், சாலை காலியாக இருக்கும்போது ஐந்தாவது அல்லது ஆறாவது கியரில் 50 மைலிலிருந்து நன்றாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் விருட்டென்று ஏறி, வேகம் அதே விகிதத்தில் ஏறாவிட்டால் வழுக்குவது கிளட்ச். டர்போ வண்டிகளில் நடு ஆர்பிஎம்மிலேயே முழு டார்க் வந்துவிடும் என்பதால், தேய்ந்த கிளட்ச் தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் மோட்டர்வே மேடுதான்.

கிளட்ச் சரி, பி0299 என்ற கோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டர்போ தரும் காற்றழுத்தம், அதாவது பூஸ்ட், கேட்ட அளவு வரவில்லை என்பதே அதற்குப் பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை. டர்போ காற்றை அழுத்தி அனுப்பிய பிறகு வழியில் ஒழுகினாலும் இதே கோடுதான் விழும்.

வண்டியை அணைத்துக் கிளப்பினால் சக்தி திரும்பி, அடுத்த நீண்ட மேட்டில் மறுபடி போகிறதா? என்ஜின் தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைத்து ஓடும் லிம்ப் மோடுக்குப் போயிருக்கிறது. அழுத்தம் கூடும்போது மட்டும் ஏதோ திறந்துகொள்கிறது, அல்லது இறுகிக்கொள்கிறது. டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலுக்கும் போகும் குழாய்களை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே லேசான ஆயில் பூச்சு இருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். ஒரு இணைப்பின் வெளிப்புறத்தில் மட்டும் ஈரமும் அழுக்கும் அப்பியிருந்தால் ஒழுகுவது அங்கேதான். குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், கிழிசல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கும். இன்டர்கூலர் பல வண்டிகளில் முன்பக்கம் தாழ்வாக இருப்பதால் கல்லடி படும். முன்பு இடித்துச் சரிசெய்த வண்டியானால் அதைக் கூடுதலாகச் சந்தேகியுங்கள்.

கண்ணுக்கு எதுவும் அகப்படாவிட்டால் ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். உள்ளிழுப்புப் பாதையில் புகையை அழுத்தி அனுப்பி, எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். புது டர்போவின் விலையோடு பார்த்தால் இதற்கு ஆகும் கூலி ஒன்றுமே இல்லை. இந்தச் சோதனை செய்யாமல் டர்போ மாற்றச் சொல்லும் கராஜிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

காற்றுப் பாதையில் கசிவு இல்லையென்றால் அடுத்தது டைவர்ட்டர் வால்வும் (காலை எடுக்கும்போது மிஞ்சும் அழுத்தத்தை விடுவிப்பது) வேஸ்ட்கேட்டும் (எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிட்டு பூஸ்ட்டை மட்டுப்படுத்தும் கதவு). ஃபோக்ஸ்வாகன், ஆடி 2.0 டிஎஃப்எஸ்ஐ வண்டிகளின் ஆரம்பகால டைவர்ட்டர் வால்வில் ரப்பர் சவ்வு கிழியும். பின்னால் வந்த பிஸ்டன் வகை அதற்கு மாற்று, சில போல்ட்டுகளைக் கழற்றினால் முடியும் வேலை. பழைய 1.4 டிஎஸ்ஐயில், அதாவது ஈஏ111 குடும்பத்தில், வேஸ்ட்கேட் தண்டு துருவும் சூடும் சேர்ந்து இறுகிக்கொள்வது தெரிந்த கதை. அது திறந்தபடி இறுகினால் பூஸ்ட் வராது. மூடியபடி இறுகினால் பூஸ்ட் மிஞ்சி பி0234 விழும். ஒரே வண்டியில் இரண்டு கோடும் மாறி மாறி வந்தால் தண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் தாண்டிய பிறகே டர்போ. ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, என்ஜின் ஆறியிருக்கும்போது கம்ப்ரசர் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பு. ஓடும்போது அந்த இடைவெளியை ஆயில் படலம் நிரப்பிவிடும். முன்னும் பின்னுமாக ஆட்டம் தெரிந்தாலோ, இதழ்கள் கூட்டில் உரசிய கீறல் இருந்தாலோ டர்போவுக்கு வயதாகிவிட்டது.

புது டர்போ போடுவதென்று முடிவானால், அதற்கு ஆயில் கொண்டுபோகும் குழாயையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய குழாயின் உள்ளே கருகிப் படிந்த ஆயில்தான் பழைய டர்போவைக் கொன்றிருக்கும். அதே குழாயில் புதியதை மாட்டினால் அதற்கும் அதே கதி.

அழுத்தும்போது உதறுகிறது, விட்டுவிட்டு இழுக்கிறது

ஐடிலில் பட்டுப்போல் ஓடி, ஸ்லிப் ரோடில் அழுத்தும்போது மட்டும் குலுங்கினால் முதல் சந்தேகம் ஸ்பார்க் பிளக். பூஸ்ட் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக்கூட பொறி தாவுவதற்கு அதிக வோல்டேஜ் தேவை. தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கில் அப்போதுதான் பொறி தவறும். பல டர்போ பெட்ரோல்களில் பிளக் மாற்றும் தவணை 40,000 மைல் அளவில் இருக்கும். வாங்கும்போது ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள்.

பிளக் புதிது, ஆனாலும் இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்னும் பி0302 வருகிறது என்றால், அந்தச் சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருளை) கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், சிலிண்டர் அழுத்தம் என்று மேலே போக வேண்டும்.

என்ஜின் விளக்கு நிலையாக எரிவது ஒன்று, மினுக்குவது வேறு. மினுக்கினால் எரியாத பெட்ரோல், எக்ஸாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதை எரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காலை எடுங்கள், இடது லேனுக்கு வாருங்கள், அடுத்த எக்சிட்டில் இறங்குங்கள்.

குளிர்ந்த கிளப்பலில் மட்டும் ஒரு நிமிடம் உதறி, சூடானதும் சரியாகிவிடும் வண்டிக்குக் காரணம் வேறு. இந்த என்ஜின்களில் பெரும்பாலானவை பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை. உள்ளிழுப்பு வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை, ஆகவே அங்கே ஆயில் ஆவி கரியாகப் படிந்துகொண்டே போகும். பெட்ரோலில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவம் அந்த வால்வைத் தொடாது. மேனிஃபோல்டை (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதியை) கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்துச் சுரண்டுவதுதான் உருப்படியான வழி. மினியின் பழைய கூப்பர் எஸ் இதற்குப் பேர்போனது. ஆனால் அந்தக் காலை உதறலோடு கூலண்டும் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவமும்) குறைகிறதென்றால் கரியை மறந்துவிட்டு ஹெட் கேஸ்கெட்டை (என்ஜினின் தலைக்கும் உடலுக்கும் இடையிலான அடைப்பை) பாருங்கள்.

ஓட்டும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. ஆறாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் வண்டி முனகிக்கொண்டிருக்கும்போது முழுதாக அழுத்தாதீர்கள். குறைந்த ஆர்பிஎம், அதிகச் சுமை என்ற அந்தக் கூட்டில்தான் பொறி விழும் முன்பே கலவை தானாக வெடிக்கும். பிஸ்டனை உடைக்கும் அளவுக்கு அது வன்மையானது. அந்த வெடிப்பைக் கட்டுப்படுத்த 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் எஸ்பி என்று ஆயில் தரங்களே வந்தன. ஒரு கியர் இறக்கிவிட்டு அழுத்துங்கள், பெட்ரோல் ஒன்றும் கொள்ளை போய்விடாது.

ஆயில் குறைகிறது

டர்போ பெட்ரோல் கொஞ்சம் ஆயில் குடிக்கும். எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் சண்டை. ஃபோக்ஸ்வாகன் கையேடுகளில் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை போகலாம் என்றே எழுதியிருக்கும். வாரம் முன்னூறு மைல் ஓட்டுபவருக்கு அது இரண்டு வாரத்துக்கு அரை லிட்டர். கையேட்டுக்குச் சம்மதமாக இருக்கலாம், எனக்கு இல்லை.

முதலில் அளவிடுங்கள். சமதரை, சூடான என்ஜின், நிறுத்தி ஐந்து நிமிடம், பிறகு டிப்ஸ்டிக். மேல் கோடுவரை நிரப்பி மைலைக் குறித்து, ஆயிரம் மைல் கழித்து அதே இடத்தில் அதே விதத்தில் பாருங்கள். "கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

பிறகு, புகை எப்போது வருகிறது என்று பின்னால் வருபவரிடம் கேளுங்கள். மேட்டில் அழுத்தும்போதே நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகம் போகும். 2008ஐ ஒட்டி வந்த ஆடி, ஃபோக்ஸ்வாகன் ஈஏ888 என்ஜினின் இரண்டாம் தலைமுறையிலும், சூப்பர்சார்ஜரும் டர்போவும் சேர்ந்த 1.4 டிஎஸ்ஐயிலும் இது தெரிந்த வியாதி. இறக்கத்தில் காலை எடுத்தபடி உருண்டு, மறுபடி அழுத்தும்போது ஒரு கொத்துப் புகை வந்தால் வால்வு சீல் பக்கம். சிக்னலில் சில நிமிடம் நின்று கிளம்பும்போது மட்டும் வந்தால் டர்போ பக்கம்.

அந்தக் கடைசி வகையிலும் அவசரப்படக் கூடாது. டர்போவின் அச்சில் ஆயிலைத் தடுக்க ரப்பர் சீல் கிடையாது, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையங்கள்தான். மேலிருந்து வரும் ஆயில் கீழே சம்ப்புக்கு (என்ஜினடி ஆயில் தொட்டிக்கு) தன் எடையால் வடிய வேண்டும். கிராங்க்கேஸில் (என்ஜினின் அடிக்கூட்டில்) அழுத்தம் கூடினால் அது அந்த வடிகாலை எதிர்த்து நிற்கும், வழியில்லாத ஆயில் வளையத்தைத் தாண்டி எக்ஸாஸ்டிலோ இன்டர்கூலரிலோ இறங்கும். அழுத்தம் கூடக் காரணம், அதை வெளியேற்ற வேண்டிய பிசிவி வால்வு அடைத்துப்போவது. இதைப் பார்க்காமல் டர்போவை மாற்றினால், புது டர்போவும் இரண்டாம் நாளே புகைக்கும். அப்போது "பார்ட் சரியில்லை" என்பார்கள்.

பிசிவியைச் சோதிக்க ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான உறிஞ்சல் இருந்தால் பல வண்டிகளில் நலம். மூடியைப் பிடுங்கவே முடியாமல் இழுத்துப் பிடித்தாலோ, புகையைக் குபுகுபுவென்று தள்ளினாலோ வால்வு போய்விட்டது. வாக்ஸ்ஹால் 1.4 டர்போவில் இந்தச் சவ்வு கேம் கவருக்குள்ளேயே (என்ஜினின் மேல்மூடிக்குள்ளேயே) பதிந்திருக்கும், கிழிந்தால் விசில் போல ஒரு சத்தம் வரும். பெரும்பாலும் கவரையே மாற்றிவிடுவார்கள். ஆனால் அந்த என்ஜினில் உள்ளிழுப்பு மேனிஃபோல்டில் ஒரு சின்ன ஒருவழி வால்வும் உண்டு. அது காணாமல் போயிருந்தால் புதுக் கவரின் சவ்வும் சீக்கிரம் கிழியும். கவரை மட்டும் மாற்றி அனுப்பும் கராஜ்கள் நிறைய.

ஆயில் அளவு குறையாமல் ஏறுகிறதா? டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால் குறுகிய ஓட்டங்களால் பெட்ரோல் கலக்கிறது. மோட்டர்வேக்காரருக்கு இது அதிகம் வராது. வந்தால் இன்ஜெக்டரையும் ஹை பிரஷர் பம்ப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயில் விளக்கு மினுங்கியது, அல்லது பிரேக் மிதி கல்லாகிவிட்டது

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வண்டியில் இந்த அறிகுறி இருந்தால் மீதியைப் பிறகு படிக்கலாம். வண்டியை ஓட்டாதீர்கள்.

ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட் 2012இல் ஃபோகஸில் விற்பனைக்கு வந்தது. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயக்கும் அதன் டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடி ஓடும். பெஜோ, சிட்ரோயனின் 1.2 ப்யூர்டெக்கிலும் அப்படியே. உராய்வு குறையும், சத்தம் குறையும் என்பது நினைப்பு. நடந்தது என்னவென்றால், தரம் தவறிய ஆயில், தவணை தாண்டிய ஆயில், பெட்ரோல் கலந்த ஆயில் எல்லாம் சேர்ந்து ரப்பரை ஊறவைத்து உதிர்க்கின்றன. உதிர்ந்த துணுக்குகள் சம்ப்பில் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கின்றன. ஆயில் அழுத்தம் விழுகிறது. பெல்ட் அறுவதற்கு முன்பே என்ஜின் சாகலாம், டர்போ அதற்கும் முன்பே. ப்யூர்டெக்கில் துணுக்குகள் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப்பின் வலையையும் அடைப்பதால் பிரேக் மிதி கடினமாகும். இதற்காகவே அந்த வண்டிகளைத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்ததும் உண்டு.

ஃபோர்டு முதலில் சொன்ன தவணை 10 ஆண்டு அல்லது 150,000 மைல். ப்யூர்டெக்குக்கு 10 ஆண்டு என்று தொடங்கி, பிறகு 6 ஆண்டு அல்லது 100,000 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். அந்தத் திருத்தமே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஈகோபூஸ்ட்டில் பின்னால் டைமிங்குக்குச் சங்கிலி வந்தபோதும், ஆயில் பம்ப்பை ஓட்டும் சின்ன பெல்ட் ஆயிலிலேயே தங்கியது. "இது செயின் மாடல், கவலையில்லை" என்று விற்பவர் சொன்னால் அந்த இரண்டாவது பெல்ட்டைப் பற்றிக் கேளுங்கள், முகம் எப்படி மாறுகிறதென்று பாருங்கள்.

ப்யூர்டெக்கில் ஆயில் மூடியைத் திறந்தாலே பெல்ட் தெரியும். முதுகில் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிவு இருக்கிறதா என்று டார்ச்சில் பார்க்கலாம். ஊறி அகலமாகிவிட்டதா என்று அளக்க அந்த ஓட்டையில் நுழைக்கும் அளவுகோல் கராஜில் இருக்கும். ஈகோபூஸ்ட்டில் இவ்வளவு எளிதல்ல. சம்ப்பைக் கழற்றி வலையைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. பெல்ட் மாற்றும்போது வலையையும் சுத்தம் செய்தார்களா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஆயிலில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஃபோர்டு கேட்பது 5டபிள்யூ-20, அதிலும் தன் 948-பி தரத்தில். தடிமன் ஒன்றாக இருந்தால் போதாது, டின்னில் அந்தத் தர எண் அச்சாகியிருக்க வேண்டும்.

காலையில் கிளப்பியதும் சங்கிலிச் சத்தம்

இரவெல்லாம் நின்ற வண்டியைக் கிளப்பியதும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால், டைமிங் சங்கிலி நீண்டிருக்கிறது அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது. ஈஏ111 டிஎஸ்ஐ, மினியிலும் பெஜோவிலும் வந்த 1.6 டர்போ, 2015 வரையிலான பிஎம்டபிள்யூ என்20 ஆகியவை இதற்குப் பெயர் பெற்றவை. என்20இல் சங்கிலியைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு உடையும். பி0016 கோடும் கூடவே வந்தால் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்குக்கும் வால்வுகளைத் திறக்கும் கேமுக்கும் கணக்குப் பிசகிவிட்டது. இனி மோட்டர்வே வேண்டாம். சங்கிலி ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

இன்ஜெக்டரின் டிக்டிக் சத்தத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எப்போதும் இருக்கும், டீசல் போலவே கேட்கும், கெடுதல் இல்லை. காலை எடுக்கும்போது மட்டும் தகரம் அதிர்வதுபோல் கேட்டால் வேஸ்ட்கேட் தண்டின் தளர்வு. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஆர்பிஎம்மோடு ஏறி இறங்கும் ஊளை புதிதாகக் கேட்கத் தொடங்கினால், அது நிஜமாகவே டர்போவின் பேரிங்.

கூலண்ட் குறைகிறது

ஆரம்பகால ஃபோகஸ் 1.0இல் கூலண்ட் செல்லும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் விட்டுப்போய், தண்ணீர் இழந்து என்ஜின் வெந்த கதை பரவலாகத் தெரிந்தது. 2011, 2013 இடையில் தயாரானவை அவை. அந்தக் குழாய் மாற்றப்பட்டதா என்று பதிவில் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் ஈஏ888இல் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் உள்ள பிளாஸ்டிக் கூடு கசியும். கீழே சொட்டாது, என்ஜின் மேலேயே காய்ந்து இளஞ்சிவப்புத் தடமாக நிற்கும்.

ஓடும்போது ஹீட்டரில் திடீரென்று குளிர்ந்த காற்று வந்து, சூட்டு முள்ளும் ஏறினால் கூலண்ட் தீர்ந்துவிட்டது. அடுத்த சர்வீசஸ் வரை போய்விடலாம் என்ற கணக்கு வேண்டாம். ஹார்டு ஷோல்டரோ அவசர ஒதுங்கிடமோ கிடைத்த இடத்தில் நிறுத்தி, இடதுபுறக் கதவால் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள்.

முள் ஏறாமல் நடுவுக்கும் கீழேயே நின்று, மைலேஜும் குறைந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது. பி0128 வரும். சின்ன வேலை, தள்ளிப் போடாதீர்கள். ஆயில் சூடேறாத என்ஜின் மோட்டர்வேயில் ஓடியும் பயனில்லை.

65க்கு மேல் அதிர்கிறது

ஸ்டியரிங் நடுங்கினால் முன் சக்கர பேலன்ஸ், சீட் நடுங்கினால் பின் சக்கரம். கியரை நியூட்ரலுக்குத் தள்ளியும் அதிர்வு தொடர்ந்தால் என்ஜினுக்கும் டர்போவுக்கும் சம்பந்தமில்லை. டயர்க்காரரிடம் போங்கள்.

அறிகுறி எதுவும் இல்லை, இன்னும் வாங்கவும் இல்லை

வண்டி எண்ணைப் போட்டால் அரசுத் தளத்தில் எம்ஓடி (ஆண்டுத் தகுதிச் சோதனை) வரலாறு இலவசமாகத் தெரியும். தேறியதா தவறியதா என்பதோடு நிறுத்தாமல் அட்வைசரிகளை (சோதித்தவரின் எச்சரிக்கைக் குறிப்புகளை) படியுங்கள். ஒவ்வோர் ஆண்டின் மைலையும் கழித்துப் பாருங்கள். வருடம் பன்னிரண்டாயிரம் ஓடிய வண்டி கடைசி இரண்டு ஆண்டு மட்டும் ஆயிரம் ஆயிரமாக ஓடியிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஆயில் மாற்றப்படாமல் கிழடாவது பெரும்பாலும் அந்த மாதிரிக் காலத்தில்தான். நிலுவையில் திரும்ப அழைப்பு இருக்கிறதா என்றும் அரசுத் தளத்திலேயே பார்க்கலாம்.

சர்வீஸ் புத்தகத்தில் தேதிகளை மட்டுமல்ல, இடைவெளியையும் பாருங்கள். ஃபோக்ஸ்வாகனின் லாங்லைஃப் திட்டத்தில் 2 ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர் வரை ஒரே ஆயிலில் ஓடலாம். குத்தகைக் கம்பெனிக்கு அது லாபம், மூன்றாவது உரிமையாளருக்கு அல்ல. என் கையில் இருந்தால் எட்டாயிரம், அதிகம் போனால் பத்தாயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். வருடம் பதினாலாயிரம் ஓட்டுபவருக்கு அது ஆண்டுக்கு இரண்டு தடவைக்குச் சற்றுக் குறைவு. நினைவில் வைக்க எளிதாகக் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம்.

பார்க்கப் போகும்போது "நான் வந்த பிறகு கிளப்புங்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் அந்தக் காலைச் சத்தத்தை உங்கள் காதில் விழாமல் செய்திருக்கிறார்கள். ஓட்டிப் பார்க்கையில் மோட்டர்வேயோ இரட்டைச் சாலையோ கட்டாயம் வேண்டும். இறங்கி வந்து ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஒரு தடவை அழுத்தி, பின்னால் புகையைப் பாருங்கள்.

வாங்கிய பிறகு, மோட்டர்வேயை விட்டு இறங்கும் கடைசி மைலை மெதுவாக ஓட்டுங்கள். ஸ்லிப் ரோடின் உச்சியில் சிவப்பு விழுந்ததும் ஸ்டாப்-ஸ்டார்ட் என்ஜினை அணைக்கும். டர்போ கொதித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஆயில் ஓட்டம் நின்றால் உள்ளேயே கருகும். பல வண்டிகளில் தண்ணீர் சுற்றும் மின் பம்ப் இதைச் சமாளிக்கும், நிறுத்திய பிறகும் விசிறி ஓடுவது அதனால்தான். ஆனாலும் எம்25ஐ விட்டு இறங்கும்போது அந்தப் பொத்தானை அழுத்தி ஸ்டாப்-ஸ்டார்ட்டை முடக்கிவிடுவது என் வழக்கம்.

ஆயிலில் ஓடும் ஈரப் பெல்ட் வண்டியானால் பேரத்திலேயே பெல்ட் செலவைக் கழித்துக் கேளுங்கள். ஆயிரம் பவுண்டை ஒட்டி ஆகும் வேலை அது. மாற்றியதற்கு ரசீது காட்டினால் கேட்ட விலைக்குக் கொடுக்கலாம். "போன வருடம்தான் செய்தோம், ரசீது எங்கேயோ இருக்கிறது" என்றால், செய்யவில்லை என்ற விலையைச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், இதே என்ஜினோடு அடுத்த தெருவிலேயே இன்னொன்று விற்பனைக்கு நிற்கும்.